குட்டியானை ஓட்டும் தையல்நாயகியின் நெஞ்சு

தையல்நாயகிக்கு நாற்பத்திரண்டு வயது. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை ஏற்றி விழுப்புரத்து எண்ணெய் மில்லில் கொண்டுபோய் இறக்குவது அவள் பிழைப்பு. குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன லோடு வண்டி. அதை அவளே ஓட்டுகிறாள். ஒரு பொம்பளை ஓட்டுகிறாளே என்று கமிட்டி வாசலில் வாய் பிளந்தவர்கள் ஒரு மாதம் பிளந்தார்கள், அப்புறம் மூடிக்கொண்டார்கள். பின்னே, எத்தனை நாளைக்குத்தான் திறந்தே வைத்திருக்க முடியும்?

வண்டி அவள் கணவன் அரங்கநாதனுடையது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சைப் பிசைகிறது என்றான். சுற்றி நின்ற அத்தனை பேரும் அந்த நிமிஷமே டாக்டராகி, "கேஸ்தான், ஒரு சோடா குடி" என்றார்கள். குடித்தான். ஏப்பமும் விட்டான். ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து கேஸ் என்று எவராவது வாயெடுத்தால் தையல்நாயகிக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருக்கும். அழுதது போக மிச்சமிருந்த நேரத்தில் வண்டி ஓட்டப் பழகினாள், லைசென்ஸ் எடுத்தாள், ஆர்.சி. புத்தகத்தைத் தன் பேருக்கு மாற்றினாள். மகள் கலைப்பிரியா கல்லூரிக்குப் போவதும் வீட்டில் உலை கொதிப்பதும் அந்த வண்டியால்தான்.

போன தை மாதம் விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் நின்றபோது அவள் நெஞ்சு ஓர் அடியைத் தவறவிட்டது. தவறவிட்ட கையோடு, உள்ளேயிருந்து யாரோ முட்டியால் இடித்ததுபோல் ஒரு பலமான அடி. உள்ளங்கை வேர்த்தது. சரி, அவர் போன வழியிலேயே நானும் போகப்போகிறேன் என்று நினைத்தாள். நினைத்ததும் நெஞ்சு தடதடவென்று ஓடியது. ஓடுகிறதே என்று பயந்தாள், பயந்ததால் இன்னும் ஓடியது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை.

வாரத்துக்கு ஒருமுறை வந்தது, நாளுக்கு நாலு முறை என்றானது. ஹைவேயில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தலைவலி, தூக்கம், துக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம், ஓரங்கட்டி ஒரு ஸ்ட்ராங் டீ. அவளும் கூட்டேரிப்பட்டில் ராஜாமணி கடையில் நிறுத்துவாள். டிகாஷன் தூக்கலாக ஒன்று, பற்றாமல் இன்னொன்று. குடித்துவிட்டு ஏறினால் மறுபடியும் படபடக்கும். தெம்பு இன்னும் பற்றவில்லை என்று அடுத்த இடத்தில் மறுபடி ஒரு டீ. ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற மகராசிக்கு ராத்திரி தூக்கம் எங்கிருந்து வரும்?

சேதி அவள் கொழுந்தன் திருமுருகன் காதுக்குப் போனது. சொந்த வண்டியில்லாமல் ஊரார் வண்டிக்கெல்லாம் ஆக்டிங் டிரைவராகப் போகிறவன். அண்ணன் செத்தபோது மண்ணில் புரண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. அண்ணன் வண்டிமேல் அவனுக்கிருந்த ஆசையும் பொய்யில்லை.

"அண்ணி, ரோட்ல ஓட்டிக்கினு போவும்போதே சாஞ்சிட்டீங்கன்னா பெரிய பேஜாரு. அண்ணனைத் தூக்கிக் குடுத்ததே போதும். வண்டிய நான் பாத்துக்கறேன், சாவி எங்க வெச்சிருக்கீங்க? நீங்க வூட்ல இருங்க."

"வூட்ல குந்திக்கினு என்னா பண்றது?"

"ஞாயித்துக்கெழம பங்காளிங்களை வரச்சொல்லியிருக்கறேன். உக்காந்து பேசி முடிச்சிடலாம்."

பங்காளிகள் உட்கார்ந்து பேசுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். முடிவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு வருவார்கள், பேச்சு சும்மா ஒரு மரியாதைக்கு. புருஷனை இழந்தவளின் வேலை காபி கொடுப்பது.

கலைப்பிரியாதான் விடவில்லை. "சாவறதா இருந்தா என்னா வியாதின்னு தெரிஞ்சிக்கினு சாவும்மா" என்று முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ரத்தத்தில் தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் டாக்டரம்மா விடாமல், அவள் மார்பில் ஒயர்களை ஒட்டி இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார்.

"நாளைக்கு இதே நேரம் வரைக்கும் கழட்டக் கூடாது. படபடப்பு வரும்போதெல்லாம் மணி என்ன, அப்போ என்ன செஞ்சிட்டிருந்தீங்க, ரெண்டையும் எழுதுங்க."

"வண்டி ஓட்டலாமுங்களா?"

"எப்பவாவது மயக்கம் வந்திருக்கா? கண் இருட்டியிருக்கா?"

"இல்லீங்க."

"அப்போ வழக்கம்போல இருங்க. லேசா தலை சுத்தினாலும் உடனே ஓரங்கட்டிடணும்."

மறுநாள் அவள் நீட்டிய லோடு ரசீதின் பின்பக்கத்தை டாக்டரம்மா வாசித்தார். காலை 10.40, கூட்டேரிப்பட்டில் ரெண்டு டீ குடித்தேன். 12.15, திருமுருகன் போன். மாலை 6 மணி, திருமுருகன் வீட்டுக்கு வந்தான். 6.20, இன்னும் போகவில்லை.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். "மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து மூணேகால் வரைக்கும் ஒரு துடிப்புகூடத் தவறலை. தூங்கினீங்களா?"

"பதினெட்டு மூட்டை ஏத்திக்கினு விழுப்புரம் வந்தேங்க. மில்லு மூடறதுக்குள்ள ஜல்தியா போவணும்னு எங்கியும் நிறுத்தல."

டாக்டரம்மா விளக்கினார். ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னாடியே வந்துவிடுகிறது. அடுத்தது கொஞ்சம் தாமதித்து, சேர்த்துவைத்துப் பலமாக அடிக்கிறது. அந்த இடைவெளியைத்தான் நெஞ்சு நின்றுபோனதாக அவள் நினைக்கிறாள். நிறையப் பேருக்கு இது வரும். இதயம் நன்றாக இருக்கும்போது இதனால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பயமும் தூக்கமின்மையும் டீயும்தான் இதைக் கூட்டிவிடுகின்றன.

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. "அப்ப ஒண்ணுமில்ல, கேஸுன்னு சொல்றீங்களா?"

"ஒண்ணுமில்லன்னு நான் சொல்லலைம்மா. பயம் உடம்புல நிஜமாவே வேலை செய்யுது, இதோ பதிவாயிருக்கே. டீயை ரெண்டாக் குறைங்க. பயத்துக்கும் இங்கயே டாக்டர் இருக்காங்க, வாரம் ஒருதடவை வந்து பேசுங்க. ஆனா நெஞ்சு வலிச்சாலோ மூச்சுத் திணறினாலோ மயங்கினாலோ சோடா குடிச்சிட்டு நிக்காம ஓடி வந்துடணும்."

சோடா என்றதும் அவள் கண் கலங்கியது. 'ஓடி வந்துடணும்' என்பது மூன்று வருஷமாக அவள் காத்திருந்த சொல், கமிட்டி வாசலில் அன்று ஒருத்தரும் சொல்லாத சொல்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவர் முத்துசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பொம்பளப்புள்ள, அதுவும் நெஞ்சு சரியில்லாத ஒடம்பு" என்று ஆரம்பித்தார். அவள் காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"மாமா, நான் கொஞ்சம் பேசணும்."

சொன்ன உடனே நெஞ்சு ஓர் அடி தவறியது. அப்புறம் அந்த இடி. உள்ளங்கை வேர்த்தது. போன வாரமாக இருந்திருந்தால் சுவரைப் பிடித்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டிருப்பாள், பங்காளிகளும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள். அடித்துக்கொள்ளட்டும், இவர்களுக்குக் கேட்கவா போகிறது என்று நின்றாள்.

"இப்பக்கூட அடிச்சிக்கினுதான் மாமா இருக்குது. எதுக்கு அடிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சு. டாக்டரே பாத்துட்டு வண்டி ஓட்டுன்னு சொல்லிட்டாங்க. சந்தேகம்னா நாளைக்கு யாருனா கூட வாங்க, கேட்டுக்கலாம்."

பங்காளிகள் தட்டிலிருந்த காபியை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார்கள். திருமுருகன் மட்டும், "ஒங்க நல்லதுக்குத்தான் அண்ணி..." என்று இழுத்தான்.

"என் நல்லதுக்குன்னா, நெஞ்சு எப்படி இருக்குது அண்ணின்னு ஒரு தடவ கேட்டிருப்ப. நீ சாவி எங்கன்னுதான் கேட்ட. திருமுருகா, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. அண்ணன் வண்டி வேணும்னா வேணும்னு வாயைத் தொறந்து கேளு. என் நெஞ்சக் காட்டிக் கேக்காத."

முத்துசாமி அவனைப் பார்த்தார். "கேளுடா."

 திருமுருகன் தலை நிமிராமலே, "வேணும் அண்ணி" என்றான்.

அவள் நெஞ்சு இன்னோர் அடி தவறியது. அடுத்த அடி வரும்வரை பொறுத்து நின்றாள், வந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றாள்.