கரண்டு ஏறாத கரடும் எட்டுக் கம்பி ஒயரும்

சூளகிரிப் பக்கத்தில் கரடு என்கிற பாறைக் குன்று ஒன்றில் நான் ஏறியது சாமி கும்பிட அல்ல, ரேடியோ மாட்ட இடம் பார்க்க. 2006, ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரேடியோ என்றதும் பாட்டுப் பெட்டியை நினைக்க வேண்டாம். தூரத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்களை ஒயர் இல்லாமல் இணைக்கிற வெள்ளை டப்பா இது, டிபன் பாக்ஸ் அளவு. ஒரு கம்பெனிக்கு ஹைவே ஓரம் ஆலை, ஆறு கிலோமீட்டர் தள்ளி குடோன். நடுவில் இந்தக் கரடு மறைத்தது. உச்சியில் இரண்டு ரேடியோவை முதுகோடு முதுகாக நிறுத்தினால் ஒன்று ஆலையைப் பார்க்கும், மற்றது குடோனைப் பார்க்கும். நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து அப்போது ஐந்து மாதம். இந்த இணைப்பை ஓட வைத்துவிட்டால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

மூக்கண்டப்பள்ளி அறையிலிருந்து காலை 6.30க்குக் கிளம்பினேன். ஓசூரில் 7.10 கிருஷ்ணகிரி பஸ், சூளகிரிக்கு டிக்கெட் பத்து ரூபாய். இருபத்தைந்து கிலோமீட்டர்தான், ஆனால் ரோடு வேலையால் ஐம்பது நிமிடம் ஆனது, தலையில் அரைக்கிலோ புழுதி. கண்டக்டர் என்னிடம் தமிழிலும், முன் சீட்டு அம்மாவிடம் தெலுங்கிலும், டிரைவரிடம் கன்னடத்திலும் பேசினார். மூன்றிலும் சில்லறைதான் கேட்டார். சூளகிரியில் இரண்டு இட்லி, வடை, டீ எல்லாம் சேர்த்து பதினொரு ரூபாய். அங்கிருந்து 8.35 டவுன் பஸ், மூன்று ரூபாய், அடிவாரத்திலேயே இறக்கிவிடுவார்கள்.

இந்த வேலையில் இருப்பதாகச் சொன்னாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பிளக் இல்லாத உச்சியில் அந்த டப்பா எப்படி ஓடும்? நெட்வொர்க் கேபிளை உரித்தால் உள்ளே எட்டுக் கம்பி இருக்கும். நான்கு தகவல் சுமக்கும், நான்கு சும்மா கிடக்கும். கீழே ஒரு சின்னப் பெட்டியைக் கரண்டில் செருகி, அந்தச் சும்மாக் கம்பிகளில் 48 வோல்ட்டை ஏற்றிவிடுவோம். பிள்ளையையும் மதியச் சோற்றையும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கு அனுப்புவது போல, தகவலும் கரண்டும் ஒரே ஒயரில் மேலே போகும். நூறு மீட்டருக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது கண்கட்டு வித்தையாகத்தான் பட்டது. இன்றும் ஒவ்வொரு முறை விளக்கு எரியும்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அடிவாரத்து மண்டபத்தில் பூசாரி முனிராஜ் காத்திருந்தார். முப்பத்திரண்டு வயது, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மூன்று வருடத்துக்கு அவர் வீட்டுப் பூசை முறை என்பதால் மதியம் வரை பூசாரி, இரண்டரை மணிக்கு மேல் செகண்ட் ஷிஃப்ட். அவர்தான் அந்தக் கரட்டின் வழக்கத்தைச் சொன்னார். மண்டபத்தைத் தாண்டிக் கரண்டு ஏறக் கூடாது. திருவிழாவில் மைக் செட்டும் சீரியல் பல்பும் மண்டபத்தோடு நின்றுவிடும். மேலே எண்ணெய் விளக்கு மட்டும். பேட்டரியும் கரண்டுதானாம். செருப்போடு சேர்த்து என் டார்ச், செல்போன், கரண்டு அளக்கிற மல்டிமீட்டர், கடைசியாகக் கை வாட்ச் வரை வாங்கி வைத்துக்கொண்டார். மணி தவறாமல் எழுதுகிற ஆள் நான். ஆனால் மேலே நடந்ததற்கு மணி சொல்ல முடியாது.

அப்படியானால் எங்களுக்கு எப்படி அனுமதி கிடைத்தது? முதலாளி ஊர்ப் பெரியவர்களிடம் பேசியிருந்தார். ஒரு ஒயர், ஒரு சின்ன டப்பா, அதுவும் போன் ஒயர் மாதிரிதான் என்று சொல்லியிருந்தார். யாராவது துருவிக் கேட்டால் நானும் அதையே சொல்ல வேண்டும் என்பது உத்தரவு.

படிகள் தொண்ணூற்று நான்கு. டேப் வைத்து அளந்ததில் மண்டபத்திலிருந்து உச்சிக்குக் கேபிள் 82 மீட்டர். திசை பார்க்கத் திசைகாட்டியும் கண்ணும் மட்டும்தான். ஒரு பக்கம் ஆலையின் தகரக் கூரை, மறு பக்கம் குடோனின் நீலக் கூரை, நடுவில் மாந்தோப்புகள். ஒரு மரக்கிளை கூடக் குறுக்கே இல்லை. இப்படி ஒரு இடம் அமைவது அபூர்வம், மனசுக்குள் விசிலே அடித்தேன்.

கோயிலை ஒட்டிய கல் அறையில் ஒரு ஸ்டூல், அதன் மேல் ஒரு லேண்ட்லைன் போன். டார்ச்சையே விடாத இடத்தில் போனா? கேட்டேன். முனிராஜ் சொன்னார். போன வருடம் அவர் மேலே இருந்தபோது மனைவிக்கு வலி எடுத்திருக்கிறது. ஊர் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, செல்போன் சிக்னலும் கிடையாது. ஆள் ஓடி வந்து சேதி சொல்லி, இவர் போய் வண்டி பிடிப்பதற்குள் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஊர் கூடிப் பேசி இந்தப் போனை விட்டிருக்கிறது. கரண்டு போனாலும் போன் பேசுகிறது, ஆகவே அதில் கரண்டு இல்லை என்பது ஊர்ப் பெரியவர்கள் கண்ட முடிவு. இப்போது மனைவிக்கு மறுபடியும் எட்டாம் மாதம்.

பிறகு அவர், அளவு பார்க்க நான் கொண்டுபோயிருந்த ரேடியோவின் காலிக் கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், ஒண்ணு கேக்கறேன். நானும் ஃபிட்டருதான். இதுல பேட்டரி இல்ல, பிளக்கும் இல்ல. அப்ப இது எதுல ஓடுது?”

முதலாளியின் பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் ஊரில் தலை நிமிர்ந்து நிற்க வேண்டிய ஆள் முனிராஜ், நானில்லை. “அந்த ஒயர்லயே கரண்டு வருதுங்க. கம்மிதான், நாப்பத்தெட்டு வோல்ட். ஆனா கரண்டுதான்” என்றேன்.

“அப்ப ஆவாதுங்க சார். எங்கூட்டு முறையில ஏத்திட்டு நான் ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது.”

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவிதான். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவது என்று கேட்டிருக்கிறார். முனிராஜ் தெலுங்கில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரில் இறங்கிய போன் ஒயரைப் பார்த்தேன்.

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புரிந்திருக்கும். போன் தன் தீனியான கரண்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே ஒயரில்தான் வாங்குகிறது. அதுவும் ஏறக்குறைய 48 வோல்ட்தான். கரண்டு போனாலும் அது பேசுவதற்குக் காரணம் அதுவே. முதலாளி சொன்ன ‘போன் ஒயர் மாதிரி’ பொய்யே இல்லை. இதுக்கு ஆகும், அதுக்கு ஆகாதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், வாதத்தில் நான் ஜெயித்திருப்பேன். எனக்கு விவாதம் என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் அந்தக் கேள்வி ஊருக்குள் போனால் ஊர் என் ஒயரை ஏற்றாது, போன் ஒயரை இறக்கும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

முனிராஜ் ரிசீவரை வைத்தார். நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை அவர் கவனித்துவிட்டார். புழுதி படாமல் போன் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார்.

“போனைப் பத்தி நான் கேக்கல சார். நீங்களும் சொல்லல.”

“ஆமாங்க” என்றேன்.

கீழே வந்து வாட்சைக் கட்டியபோது மணி 11.50. சூளகிரி பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் போட்டு, உச்சியில் அனுமதி இல்லை என்று மட்டும் சொன்னேன். அவர் திட்டியதை எழுத முடியாது. கடைசியில் இரண்டு மாந்தோப்புக்காரர்களின் தண்ணீர்த் தொட்டிகள் மேல் ரேடியோ மாட்டிக் கரட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். கூடுதலாக இரண்டு ரேடியோ, பத்து நாள் வேலை. என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கேபிள் அளவை மேப்பில் பார்த்து நம்பாதீர்கள், டேப் பிடியுங்கள். வீட்டுக்குள் ஓடும் கேபிளை வெயிலில் போட்டால் சீக்கிரமே வெடித்துவிடும், வெளிப்புறக் கேபிளே வாங்குங்கள். ரேடியோவுக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே வளைத்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது. எர்த் போடச் சோம்பல் வேண்டாம். எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த இடத்தின் வழக்கம் என்ன என்று அங்கே பூசை செய்கிறவரிடம் நேரில் கேளுங்கள்.

கட்டணமும் பஸ் நேரமும் சொன்னவன் கரட்டின் பெயரையும் திசையையும் சொல்லவில்லையே என்று சிலர் கேட்பீர்கள். மறதி இல்லை, பூசாரியின் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். உள்ளதை அப்படியே எழுதினால், அன்றைக்கு நான் சொல்லாமல் விட்டதை ஊருக்கே சொன்னதாக ஆகிவிடும்.