எஸ்தர் பேசாமலிருந்த மாதங்கள்

சுற்றுக்கு விடப்பட்ட வரைவுக்குக் குறித்த தேதிக்குள் பதில் வராவிட்டால், பெற்றவர் அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இதுதான் விதி. எத்தனையோ மேலதிகாரிகளின் மௌனத்தை இந்த விதியைக் காட்டியே சம்மதமாக்கியிருக்கிறேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் அது செல்லவில்லை. அதைத்தான் இங்கே சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

சபையில் பலருக்கு எங்களைத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நானும் என் மனைவி எஸ்தரும் கிள்ளானில் இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு ஆராதனைக்கு வருவோம். எங்கள் ஒரே மகன் ரூபன் இந்த ஆண்டுத் தொடக்கத்தில் டிங்கிக் காய்ச்சலில் இறந்துபோனான். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்தான். அடுத்த திங்கட்கிழமை அடக்கம் செய்தோம். மருத்துவமனையில் யார்மேலும் குறை சொல்ல இடமில்லை. நான் தேடிப் பார்த்தேன். புகார் எழுதியே பழகியவனுக்குப் புகார் செய்ய ஆளில்லாமல் போவது தனித் தண்டனை.

அடக்கத்திலிருந்து வீடு திரும்பிய மாலை எஸ்தர் கைப்பையை மேசையில் வைத்தாள். அதோடு பேச்சும் நின்றது. அழுகை இல்லை, சண்டை இல்லை. நான் கேட்பது அவள் காதில் விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை. பிறகு சாப்பாடும் குறைந்தது. கொடுத்தால் இரண்டு வாய், அதுவும் எனக்காக. வளையல் முழங்கைவரை ஏறிப்போகும்.

நான் ஜெபித்தேன். ஆனால் எப்படி? பொருள், முன்தொடர்பு, கோரிக்கை என்று வரிசையாக. கர்த்தருக்கே குறிப்பாணை அனுப்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அப்போது எனக்கு அது சிரிப்பாக இல்லை. பதில் வராத ஒவ்வொரு காலையும், மேலிடம் கோரிக்கையை நிராகரித்துவிட்டது என்றே எண்ணினேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, அவளைப் பக்கத்து வீட்டுக் கமலாவின் பொறுப்பில் விட்டுவிட்டு நான் மட்டும் ஆராதனைக்கு வந்தேன். திரும்பும்போது ரயில் ஷா ஆலம் தாண்டியதும் போன் அடித்தது.

"அண்ணே, கறிய எறக்கி வச்சிட்டு வர்றதுக்குள்ள அக்காவைக் காணோம்ணே. கேட்டு தொறந்து கெடக்கு. கோயில் பக்கம் பாத்தேன், பாசார்ல பாத்தேன், எங்கயும் இல்ல!"

"எவ்வளவு நேரமாச்சு?"

"தெரியலண்ணே. செருப்பு கூட வீட்ல போடுற செருப்புதான்."

ரயிலுக்குள் நின்றுகொண்டு என்ன செய்வது? காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதற்கான ஒழுங்கு எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வண்டி கிள்ளான் நிலையத்துக்குள் நுழையும்போது கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். மஞ்சள் கோட்டைத் தாண்டி, நடைமேடையின் விளிம்பில் நின்றாள். ஓட்டுநர் ஹாரனை விடாமல் அடித்தார். நான் இருக்கும் வண்டியே என் மனைவியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது ஒரு காவலர் அவள் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நகரும் வண்டியின் ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரூபன் கல்லூரியிலிருந்து வந்துகொண்டிருந்தது இந்த வழி ரயிலில்தான். இறங்குபவர்களில் கடைசி ஆள் போகும்வரை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்.

அவளை மேடை இருக்கையில் உட்கார வைத்துவிட்டு நான் ஜெபித்தேன். பொருளும் இல்லை, முன்தொடர்பும் இல்லை. "ஆண்டவரே, எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல." அவ்வளவுதான். இத்தனை வயதில் முதல் தடவையாக எனக்குத் தெரியாது என்று ஒருவரிடம் சொன்னேன்.

மறுநாள் மருத்துவர் எடை பார்த்துவிட்டுச் சொன்னார். "அங்கிள், அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பாப்போம். சாப்பாடு ஏறலன்னா வார்ட்ல அட்மிட் பண்ணி டியூப் போட வேண்டியிருக்கும். நீங்கதான் சைன் பண்ணணும்." அதற்கான தாளையும் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை போதகர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர். ஜெபம் முடிந்ததும் கேட்டார்.

"அங்கிள், ரூபனைப் பத்தி ஒரு கதை எழுதுங்களேன்."

"கதையா? எனக்கு அறிக்கைதான் வரும், பாஸ்டர்."

"வருசா வருசம் ஆண்டறிக்கை எழுதியிருக்கீங்க, கற்பனை வராதா உங்களுக்கு? சும்மா எழுதுங்க லா. சண்டே ஸ்கூல் பிள்ளைங்களுக்கு வாசிக்கலாம்."

அந்தக் குத்தலில் நியாயம் இருந்ததால் உட்கார்ந்து எழுதினேன். ரூபனுக்கு எட்டு வயது இருக்கும்போது, வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயில் ஓர் உடும்பு இருந்தது. அவன் அதற்கு மீன்தலை போடுவான். ஒருநாள் அது சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. கதையை இப்படி முடித்தேன்: "அம்மா அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அப்பா துடைப்பத்தால் உடும்பை விரட்டினார். ரூபன் நன்றி சொன்னான்." எனக்கு நினைவிருந்தது அப்படித்தான். எழுதும்போது அவன் முகம் சரியாக வந்தது. அதற்கே பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தேன்.

வேறு வழி தெரியாததால் அலுவலக வழியையே பிடித்தேன். எஸ்தர் தட்டுக்குப் பக்கத்தில் வரைவை வைத்து, 'திருத்தம் இருந்தால் வியாழனுக்குள்' என்று ஒரு துண்டு ஒட்டினேன். புதன் போனது. வியாழன் போனது. தாளின் ஓரத்தில் தேநீர்க் கறை இருந்தது. வாசித்தாளா, கோப்பையைத்தான் வைத்தாளா என்று தெரியவில்லை.

வெள்ளி காலை வைத்த கஞ்சியை அவள் தொடவில்லை. இனி காத்திருந்து பயனில்லை என்று மருத்துவர் கொடுத்த தாளை எடுத்து அவள் பெயரை எழுதினேன். கையெழுத்திட வேண்டிய இடத்துக்கு வந்ததும் கை நின்றது. நேரத்தைக் கடத்த, கதையை எடுத்துக் கோப்பில் சேர்க்கத் துளை போடப் போனேன். தேதி கடந்துவிட்டது, ஆட்சேபம் இல்லை, ஏற்கப்பட்டது.

"ஓடினது நானா?"

குரல் கரகரத்தது. யார் பேசியது என்று வாசலைப் பார்த்தேன்.

"உங்களத்தான் கேக்கறேன். ஓடினது நானா? சப்பாத்தோட மேசை மேல ஏறி நின்னது யாரு? துடைப்பம் யார் கையில இருந்துச்சு?"

துளைக்கருவியைக் கீழே வைத்தேன்.

"அது ஒண்ணும் ரூபன் போட்ட மீன்தலை இல்ல. நான்தான் போடுவேன். நீங்க ஆபீஸ் போனதும் ரெண்டு பேரும் போவோம். அதுக்குப் பேர் கூட வச்சிருந்தான்."

"என்ன பேரு?"

"டத்தோ. பட்டம் வாங்குன பெரிய மனுசங்க மாதிரி தொப்பையப் பாத்தியா, கூப்பிடாமலே சாப்பாட்டுக்கு வந்து நிக்குதுல்ல, அப்படின்னு சொல்லுவான்." அவள் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, அப்பா ரிப்போர்ட் எழுதிடுவாருன்னு சொல்லுவான்."

சொல்லி முடித்துச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அடக்கத்தன்று வராத அழுகை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, கஞ்சி ஆறிப்போச்சு, சூடு பண்ணிக் கொடுங்க என்றாள்.

நான் சரியாக எழுதியிருந்தால் அவள் பேசியிருக்கமாட்டாள். விதி தவறாமல் வேலை செய்தவன் என்று பேர் வாங்கிய என்னை, கர்த்தர் ஒரு தப்பான கதையை எழுதவைத்து அதைக் கொண்டு என் மனைவியைத் திருப்பித் தந்தார். அவருக்கு ஸ்தோத்திரம். அந்தத் திங்கட்கிழமை வார்டில் சேர்க்கவில்லை. இன்றும் சில நாள் அவள் பேசாமலிருப்பாள். முன்போல் பயமில்லை. இப்போது கதைகளை அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். என் வாக்கியங்களில் பாதியை அடித்துவிடுகிறாள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் எங்களைப் பார்த்ததும், ஆன்டி, டத்தோ அப்புறம் என்ன பண்ணுச்சு என்று கேட்கிறார்கள். எங்கள் பிள்ளையைத் தெரியாத பிள்ளைகள் அவனைப் பற்றிக் கேட்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்?

பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்கு ஒரு வார்த்தை. ஆண்டவர் பேசாமலிருப்பதை மறுப்பு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். தெரியலன்னு சொல்லுங்கள், அதுவே ஜெபம்தான். பிறகு உங்கள் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். தப்பாக வந்தாலும் பரவாயில்லை. வீட்டில் யாராவது திருத்துவார்கள்.

எனக்குப் பதில் கிடைத்த தேதி: ஜூலை பதினெட்டு, வெள்ளிக்கிழமை.