சித்திரைக்கு முதல் நாள் கட்டிய கம்பி

பல்லேகலையில் லொறிக்கு ஸ்டியரிங் கோளாறு என்றால் ராஜரத்தினத்தின் கராஜைத்தான் கைகாட்டுவார்கள். புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். இருபத்தேழு வருடமாக லொறிகளுக்கு அடியில் படுத்துக் கிடப்பவர். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் மோசம். அடுத்த கராஜ்காரனைத் திட்டாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்ற மாட்டார்.

அன்று பிற்பகல் றிஸ்வி தன் கல் ஏற்றும் டிப்பரோடு வந்தான். ஸ்டியரிங்கை நாலு விரல் அளவு திருப்பினாலும் முன்சக்கரம் அசைவதில்லை என்றான். ராஜரத்தினம் அவனை உள்ளேயே இருத்தி, என்ஜின் ஓட, இடமும் வலமுமாக மெல்லத் திருப்பச் சொன்னார். தாம் அடியில் படுத்து ஸ்டியரிங்கின் ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பார்த்தார். மூன்றாவது மூட்டு உள்ளங்கையை உதைத்தது. டோர்ச் அடித்தார். நட் கழன்றுவிடாமல் குறுக்கே செருகும் பின் இல்லை. அதன் ஓட்டையில் ஒரு செம்புக்கம்பி அறுந்துவிடும் நிலையில் தொங்கியது.

"எந்த மடையன் இதக் கட்டினது? பேரச் சொல்லு. ஆளக் கொல்லப் பாத்திருக்கான்."

றிஸ்வி தலையைச் சொறிந்தான். "நீங்கதானே கட்டின, ராஜண்ணே. சித்திரை வருஷத்துக்கு மொத நாள். கடையெல்லாம் பூட்டியிருந்திச்சு. ரெண்டு நாள்ல வா, பின் போட்டுத் தாறேன்னு சொன்னீங்க. வண்டி நல்லா ஓடினதால நானும் வரல்ல."

ராஜரத்தினத்துக்கு வாழ்நாளில் முதல்முறையாகத் திட்டுவதற்கு ஆள் அகப்படவில்லை. அதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அதே நாள், அதே கம்பியில் இன்னொரு துண்டு வெட்டி, புசல்லாவையிலிருந்து வந்த தேயிலைக் கொழுந்து லொறிக்கும் கட்டியிருந்தார். அதை ஓட்டும் சுதேஷும் திரும்பி வரவில்லை. இவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

உடனே அவனுக்கு போன் எடுத்தார்.

"சுதேஷு, எங்க இருக்க?"

"மேல்மலைலேருந்து எறங்கிக்கிட்டிருக்கேண்ணே."

"இப்பவே ஓரங்கட்டு. வளைவு வரைக்கும் போகாத. எறங்கி, ஸ்டியரிங் மூட்டுல நான் கட்டின கம்பி இருக்கான்னு பாரு."

லொறி நிற்பது கேட்டது. கதவு திறந்தது. அவன் அடியில் ஊர்ந்து போகும் சத்தம் வந்தது.

"கம்பியே இல்லண்ணே. நட்டு கடைசிப் புரில நிக்குது."

"கொழுந்து மட்டுமா, ஆளும் இருக்கா?"

"வேலை முடிஞ்ச பொம்பளைங்க பதினாலு பேரு ஏறியிருக்காங்க."



"எல்லாரையும் எறக்கி நடக்கச் சொல்லு," என்றார் ராஜரத்தினம். "ஏன்னு கேட்டா, கட்டினது நான்தான்னு சொல்லு."