அம்மாவின் இரண்டு உத்திரங்கள்

அறுபதுகளில் செஞ்சியில் நாங்கள் வீடு கட்டியபோது, கீழ்த்தளத்துக்குக் கூரை மரமா காங்கிரீட்டா என்ற சண்டையில் நைனாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சே நின்றுபோனது. நடுவில் தூது போனவள் நான். "ரசம் வேணுமான்னு உங்க நைனாவக் கேளு" என்பதுவரை என் பொறுப்பு.

மேல்சித்தாமூரில் அம்மா பிறந்த வீட்டை மாமாக்கள் பாகம் பிரித்து இடித்துவிட்டார்கள். அம்மா கேட்டு வாங்கிவந்தது இரண்டு தேக்கு உத்திரங்கள் மட்டும். அவை தன் தலைக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்த நைனாவோ அலையாய் அலைந்து சிமெண்டுக்குப் பர்மிட் வாங்கிவைத்திருந்தார். மாமாக்களை உட்காரவைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"மரம்னா கரையான் வரும். மருந்து அடிக்கணும். நம்ம வீட்ல உயிர்க்கொலை நடக்கக் கூடாது."

சமணக் குடும்பத்தில் இதற்கு மேல் யார் வாயைத் திறப்பது? நாலு பேர் முன்னால் சொன்னதை மாற்றிக்கொள்ளும் வழக்கம் நைனாவுக்கு ஜென்மத்திலும் கிடையாது. அம்மா முந்தானையால் உத்திரங்களைத் துடைத்துவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

முதலில் கூடத்துக்குக் காங்கிரீட் போட்டார்கள். சமையல்கட்டு பாக்கி இருந்தது. காங்கிரீட் இறுகுவதற்காக மேஸ்திரி மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்.

எங்கள் வீடுகளில் கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் புழங்குவோம். துணியில் தங்கும் சிற்றுயிர்களை ஒரு செம்பில் அலசி, திரும்பவும் கிணற்றிலேயே விட்டுவிட வேண்டும். அது என் வேலை. அந்த நாட்களில் அம்மா, "கெணத்துக்கு வாணாம், மேல ஊத்திட்டு வா" என்று அனுப்பினாள். எனக்கு ஏணி ஏறக் கொள்ளை ஆசை, காரணம் கேட்பேனா? ஒருநாள் காலையில் நைனா ஏணியடியில் நின்றிருந்தார். செம்புக்குள் எட்டிப் பார்த்தார். அப்புறம், "பாத்து ஏறு" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

தண்ணீரைத் திறந்துவிடும் நாளன்று மேஸ்திரி மேலிருந்து சத்தம் போட்டார். ஊரிலிருந்து வந்திருந்த மாமாக்களோடு எல்லோரும் ஏறிப் போனோம். பாத்தி முழுக்கப் புழுக்கள் நெளிந்தன. நைனா தலையில் கைவைத்துக்கொண்டு, "இன்னா இது அநியாயம்!" என்று பதறினார்.

அத்தனை நாள் கழித்து அம்மா அவரிடம் நேராகப் பேசினாள். "கரையானைக் கொல்றது பாவம்னா, இதுங்கள வெய்யில்ல வடிச்சு வுடறது இன்னாவாம்?"

நைனா மாமாக்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "காங்கிரீட்லயும் உயிர் போவுதே! சமையல்கட்டுக்கு மரமே போட்ருங்க மேஸ்திரி."

அன்றைக்கெல்லாம் அந்தத் தண்ணீரை வடிகட்டி, புழுக்களை ஒன்று விடாமல் கிணற்றில் சேர்த்தோம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்தபோது, நைனா கேட்காமலே அம்மா அவர் இலையில் ரசம் ஊற்றினாள். எனக்குத் தூது வேலை போயிற்று.

எனக்கு ஒரே கவலை. அன்றைக்குச் செம்புக்குள் அவ்வளவு நன்றாக எட்டிப் பார்த்தவருக்கு, அதற்குள் எல்லாம் மறந்துபோய்விட்டதே! இந்தச் சின்ன வயதிலேயே நைனாவுக்கு இப்படி மறதி வந்துவிட்டதே என்று அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.