ஏசி ஜெயபாண்டி

லாரி ஏசியின் வடிகட்டியில் அப்பியிருக்கும் பஞ்சை இரண்டு விரலால் உரித்தெடுத்து வெயிலில் தூக்கிப் பார்க்கிறார் ஜெயபாண்டி. லாரி வந்து நின்று ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "ஒரு வாரமா வெள்ளத் துணி ஏத்துற எடத்துல நின்னுருக்கு. அப்புறம் நீலச் சாயத்துணி. அங்கிட்டும் ஏசிய அமத்தல. சரிதானண்ணே?" டிரைவர் வாயைப் பிளக்கிறார். அத்தனையும் சரி. ஜாதகம் பார்ப்பவர்கள்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்வதில்லை.

அவிநாசி புறவழிச் சாலையோரத் தகரக் கொட்டகையில் இந்த அதிசயம் தினமும் நடக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர், கோயம்புத்தூர் பட்டறை ஒன்றில் ஏசி வேலை பழகி, கனரக லாரிகளுக்கென்றே கடை போட்டுவிட்டார். டிசம்பரில் வடக்கே போகும் வண்டிகளுக்கு ஹீட்டரையும் பார்த்து அனுப்புவார்.

"கேஸ் அடிச்சு விடுங்க" என்று வந்து நிற்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பஞ்சர் ஒட்டாம காத்தடிச்சா நிக்குமாண்ணே?" என்பார். குழாயைத் தொட்டுப் பார்ப்பது எப்போதும் புறங்கையால்தான். "உள்ளங்கை காச்சுப் போச்சு, அது பொய் சொல்லும். பொறங்கைக்குத்தான் வெளங்கும்." கழற்றிய ஆணிகளைக் கழற்றிய வரிசையிலேயே எவர்சில்வர் தட்டில் அடுக்குவார். யாராவது தட்டை நகர்த்தினால் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

போன வாரம் மூலனூர் மயில்சாமி வந்தார். அனுப்பர்பாளையம் விஜயகுமாரியின் லாரியை ஒன்பது வருடமாக ஓட்டுகிறவர். மூன்று வாரத்துக்கு முன்புதான் இதே கொட்டகையில் ஒரு குழாய் மாற்றிக்கொண்டு போயிருந்தார். இப்போது பத்து நிமிடம் குளிர்ந்துவிட்டு, அதன்பிறகு அனல் அடிக்கிறது.

"தொறமொகத்துல வரிசைல நிக்கறப்ப நாளெல்லாம் ஏசியப் போட்டுத் தூங்கியே நாங் கெடுத்துப்போட்டனாமுங்க," என்றார் மயில்சாமி. "'இது உங்க கைவேலைன்னு தெரிஞ்சா நாளையிலிருந்து வண்டிக்கு வர வேண்டாமுங்க'ன்னு ஓனரம்மா எங்கிட்டச் சொல்லிப்போட்டாங்க." கொங்கு நாட்டில் வேலையை விட்டு அனுப்பும்போதும் 'ங்க' போட்டுத்தான் அனுப்புவார்கள்.

ஜெயபாண்டி மீட்டரை மாட்டினார். குழாயின் நீளத்துக்கும் புறங்கை மெல்ல நகர்ந்து, கேபினுக்குள் குளிரை அனுப்பும் வால்வுக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே வெண்மையாக உறைபனி. "இங்க வரைக்கும் வருது. உள்ள போகல." ஆயிரம் சாமான் உள்ள வண்டியில் விரல் அளவு இடத்தை இப்படித் தொட்டுச் சொல்கிறாரே என்று மயில்சாமிக்குப் புல்லரித்தது.

கேஸை மெஷினில் இழுத்துவிட்டு வால்வைக் கழற்றினார். அதன் வாயிலிருந்து இடுக்கியால் எதையோ உருவினார். எண்ணெயில் ஊறிய வெள்ளை நூல் கத்தை.

"ரோட்டுத் தூசி பூந்திருச்சுங்களா?"

ஜெயபாண்டி நூலை விரலில் உருட்டிப் பார்த்தார். மூடிய குழாய்க்குள் தூசி எப்படிப் புகும்? திருப்பூர்ப் பட்டறைகளில் பனியன் வேஸ்ட் எனும் கழிவுத் துணிதான் எல்லாம். கை துடைக்க அது, எண்ணெய் ஒற்ற அது, குழாயைத் திறந்துவிட்டால் தூசி போகாமல் வாயை அடைப்பதற்கும் அதுவேதான். அடைப்பதற்கென்று ரப்பர் மூடிகள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கும் மனிதர், மூன்று வாரத்துக்கு முன்பு குழாய் மாற்றிய அன்று அவசரத்தில் கைக்கெட்டிய துணியைத் திணித்திருக்கிறார். எடுக்கும்போது கொஞ்சம் நூல் உள்ளேயே தங்கிவிட்டது.

"நான் அடச்ச துணிண்ணே இது."

மயில்சாமிக்கு முதலில் உயிர் வந்தது. அடுத்த நொடியே பதறிப்போனார். விஜயகுமாரிக்குப் பதினோரு லாரி; அத்தனையும் இந்தக் கொட்டகைக்குத்தான் வருகின்றன. "சொல்லிப் போடாதீங்க. வால்வு பழசாயிருச்சுன்னு சொல்லீரலாமுங்க. உங்களுக்கும் கெடுதல் இல்ல, எனக்கும் இல்ல."

"அந்தம்மா மனசுல நீங்கதானண்ணே கெடுத்தவரு. அது அப்பிடியேல்ல கெடக்கும்."

அதற்குமேல் வாக்குவாதம் இல்லை. குழாய் முழுவதையும் கழுவினார், புது வால்வு பொருத்தினார், காற்றை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு அளந்து கேஸ் ஏற்றினார். இந்த முறை திறந்த வாய்க்கெல்லாம் ரப்பர் மூடி. கேபினில் குளிர் இறங்கியது. அரை மணி நேரம் ஓடவிட்டும் குறையவில்லை. இவ்வளவு பெரிய கைக்காரர் தன் கையையே காட்டிக்கொடுக்கப் போகிறாரே என்று மயில்சாமி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்தில் எந்த மனிதரையும் அவர் இப்படி அண்ணாந்து பார்த்ததில்லை.

ஜெயபாண்டி விஜயகுமாரிக்கு வீடியோ கால் போட்டார். பின் கேமராவுக்கு எதிரே நூல் கத்தையைத் தூக்கிப் பிடித்தார்.

"இதுதானுங்களா அடைச்சது? யாரு கைவேலைங்க இது?" என்றது போன்.

ஜெயபாண்டி கட்டைவிரலால் திரையைத் தட்டிக் கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினார்.