ரசமட்டம் வெட்டிய ராஸ்பெர்ரி

என் அக்காள் வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘ரசமட்டம்’ என்று பெயர்; கொத்தனார் சுவரில் வைத்து மட்டம் பார்ப்பாரே, அந்தக் கருவி. நாற்பது வருடம் முடிவெட்டிய கை. இரண்டு கிருதாவில் ஒன்று மயிரிழை ஏறியிருந்தாலும், எழுந்து போனவரைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைப்பார். வீட்டில் செருப்புகள்கூட அணிவகுத்துத்தான் நிற்கும்.

வீட்டுக்குப் பின்னால் சுவரோரமாக எட்டு ராஸ்பெர்ரிச் செடிகள். மூன்று வருடத்துக்கு முன் அக்காள் நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது, எதைக் கொடுத்தாலும் மண் மாதிரி இருக்கிறது என்று துப்பிவிட்டாள். இந்தப் பழம் மட்டும்தான் தொண்டையில் இறங்கியது. அன்றிலிருந்து அத்தான் உயிரையே அந்தச் செடிகளில் வைத்திருந்தார்.

செடிகளோ தேய்ந்துகொண்டே வந்தன. வாளி வாளியாகப் பறித்தது போய், போன கோடையில் எண்ணிப் பதினொரு பழம். பாதித் தண்டுகள் காய்ந்து சலசலத்தன. அத்தான் எரு போட்டார், சாம்பல் தூவினார், மூக்குக்கண்ணாடியோடு மண்டியிட்டுப் பூச்சி தேடினார்.

“பிடுங்கிப் போட்டுட்டு துணி காயப்போட கயிறு கட்டுங்க. நீங்க இப்படி அல்லாடறதைப் பார்க்க முடியல,” என்றாள் அக்காள்.

“இன்னும் ஒரு வருஷம் பொறு.”

“அதோட சரி. அடுத்த கோடையும் இப்படியேன்னா நானே பிடுங்கிருவேன்.”

மூன்றாவது எரு மூட்டையோடு வந்த செடிக்கடைக்காரம்மா வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“அண்ணே, புதுத் தண்டெல்லாம் எங்க?”

“அதுங்க கண்ட இடத்துல முளைக்குதும்மா. வரிசைக்கு வெளிய வர்றதை அப்பப்ப வெட்டிருவேன்.”

“அடக் கடவுளே! இந்த வருஷம் முளைக்கிறதுலதான் அடுத்த வருஷம் பழம். ஒரு தடவை காய்ச்ச தண்டு செத்துரும். நீங்க காய்க்கப் போறதை வெட்டிட்டு, செத்ததை நிக்க வெச்சிருக்கீங்க!”

“அது நேரா நிக்குதேம்மா,” என்றார் அத்தான் பரிதாபமாக.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காள் முறைத்தாள், ஆனால் அவள் உதடும் துடித்தது.

காய்ந்ததைத் தரையோடு வெட்டு, புதியது எங்கே முளைத்தாலும் தொடாதே என்பது அந்த அம்மாவின் உத்தரவு. அந்த ஒரு வருடம் அத்தான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒரு தண்டு பாதை நடுவில் முளைத்தது. இன்னொன்று சாய்ந்துகொண்டு பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தது. அவருக்குக் கை துருதுருக்கும். பின்பக்கத் திரையை இழுத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். அக்காள் கத்தரியை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்தாள்.

அடுத்த கோடையில் தோட்டம் சீவாத தலையாகக் கிடந்தது. பார்த்த இடமெல்லாம் சிவப்பு. அக்காளின் கிண்ணம் நிரம்பி, இன்னொன்று எடுத்து வரச் சொல்லி என்னை விரட்டினாள். அத்தான் படியில் நின்றபடி, “இனிக்குதா? நல்லா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நீங்களே தின்னு பாருங்க.”

“உனக்கு வேணுமே.”

“எனக்கு நிறைய இருக்கு. வாயத் திறங்க.”

மென்றார். முகம் லேசாகச் சுளித்தது. “இவ்ளோ புளிப்பும் உண்டுன்னு மறந்தே போச்சு.”

அக்காள் அவரையே பார்த்தாள். “மூணு வருஷமா ஒண்ணுகூட வாயில போடலையா நீங்க?”

அத்தான், “இன்னொண்ணு குடு,” என்று கையை நீட்டினார்.