அண்ணி சாகாத படம்

என் அண்ணி ஒன்பது தடவை செத்தவர். இரண்டு முறை தண்ணீரில் மூழ்கி, ஒரு முறை ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து, ஒரு முறை லிஃப்ட் அறுந்து, ஒரு முறை உதட்டுச் சாயத்தில் விஷம், மற்றதெல்லாம் துப்பாக்கி. எல்லாம் ஒரே ஆளுக்காக. கறுப்புக் கோட்டும் கலையாத தலையுமாக உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறானே, அந்த உளவாளிக்காக.

அண்ணிக்கு வேலை டப்பிங். அந்த உளவாளிப் படங்கள் இருபத்திரண்டு வருடமாக விடாமல் வருகின்றன. ஒவ்வொன்றிலும் இரண்டு பெண்கள் கட்டாயம் உண்டு. முதல் பெண் அவனை நம்பிக் காதலித்து, இடைவேளைக்கு முன்னால் செத்துப்போவாள். இரண்டாவது பெண் கடைசியில் அவனோடு படகில் போவாள். ஒன்பது படத்திலும் முதல் பெண்ணுக்குத் தமிழ்க் குரல் அண்ணிதான். ஸ்டுடியோவில் அவருக்குப் பெயரே 'இடைவேளை'. "இடைவேளை வந்தாச்சா? டீ சொல்லு" என்பார்கள்.

குரலில் குறை ஒன்றுமில்லை. சாவதில் அண்ணி அவ்வளவு சுத்தம், அதுதான் வினை. டப்பிங் டைரக்டர், யார் எதைப் பேசினாலும் "இன்னொரு தரம்" என்பவர்; அவருக்குப் பெயரும் அதுவே ஆகிவிட்டது. அப்பேர்ப்பட்ட 'இன்னொரு தரம்'கூட அண்ணி சாகும்போது மட்டும் ஒரே டேக்கில் ஓகே சொல்லிவிடுவார். "உன்னை மாதிரி சாக ஆளே கிடையாதும்மா" என்பார். அதைக் கேட்டுவிட்டு வருகிற நாளில் அண்ணி பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பார். ஒரே ஒரு தடவையாவது கடைசிவரை உயிரோடு இருக்கிற பெண்ணுக்குப் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. எங்கள் யாரிடமும் அதை மறைத்ததும் இல்லை.

சாவுக்கு வீட்டில் ஒத்திகை நடக்கும். அலமாரிக் கண்ணாடி முன்னால், பழைய நைட்டியில், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நின்று மூச்சை விடுவார். வளையல் சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்பதால் வீட்டிலும் அதே பழக்கம். புதிதாகக் குடிவந்த மேல்வீட்டுக்காரர் ஒருநாள் பதறி ஓடிவந்து கதவைத் தட்டினார். அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஒண்ணுமில்லீங்க, என் மருமக சாகுறா. ஏம்மா, முடிஞ்சுதா இல்லையா? டீ ஆறுது."

அந்த மனுஷர் இன்றும் மாடிப்படியில் அம்மாவைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுகிறார்.

படம் வெளியான முதல் ஞாயிறு மதியக் காட்சிக்குக் குடும்பமாகப் போவோம். இடைவேளை விட்டதும் குடும்பமாகத் திரும்பிவிடுவோம். இது அம்மா போட்ட சட்டம். முதல் படத்தில் இடைவேளை முடிந்து நாங்கள் சரியாகச் சாய்ந்துகூட உட்காரவில்லை, அதற்குள் அந்த உளவாளி இன்னொருத்தியோடு சிரித்துப் பேசினான். அம்மா எழுந்துவிட்டாள்.

"பத்து நிமிஷம்கூட ஆகலை, பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு கோட்டுக்காரன். நம்ம வீட்டுப் பொண்ணு போனப்புறம் நமக்கு இங்க என்ன வேலை?"

அன்றிலிருந்து எங்களுக்கு எல்லாப் படமும் பாதிதான். உலகம் ஒவ்வொரு தடவையும் எப்படித் தப்பித்தது என்று எனக்குத் தெரியாது. அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "கேபிள் அறுந்தாலும் லிஃப்ட் அப்படி விழாது, பிரேக் இருக்கு" என்று ஒரு மாதம் புலம்பினான். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் எனக்கோ அந்த உதட்டுச் சாய விஷம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவ செத்துக் கிடக்கா, உங்களுக்கு ஆராய்ச்சி கேக்குதா?" என்று அம்மா எங்கள் இருவரையும் வாங்கு வாங்கு என்று வாங்கினாள்.

பத்தாவது படம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு இந்தத் தடவை ரகசியப் பித்து முற்றிவிட்டது. கதை வெளியே போய்விடக் கூடாதென்று திரை முழுக்கக் கறுப்பாக்கி, பேசுகிறவரின் வாய் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வட்டம் விட்டு அனுப்பியிருந்தார்கள். யார், எங்கே, எதற்கு என்று எதுவும் தெரியாமல் அண்ணி அந்த வாய்க்குப் பேசினார். அது மூடுகிற இடத்தில் மூடி, திறக்கிற இடத்தில் திறந்து, நாலாம் நாள் பாலத்திலிருந்து விழுந்து, வழக்கம்போல ஒரே டேக்கில் செத்தார்.

அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள். ஏதோ திருத்தம் என்று போனவருக்குத் திரையில், 'கடைசிக் காட்சி' என்ற தலைப்போடு, அதே வாய் காத்திருந்தது. கீழுதட்டோரம் அதே மச்சம். அந்தப் பெண் சாகவில்லை! பாலத்திலிருந்து விழுந்தது வெறும் நாடகம். இரண்டாம் பாதி முழுக்க அவள்தான் முகம் காட்டாமல், குரலை மாற்றிக்கொண்டு, போனில் உளவாளிக்கு வழி சொல்கிறாள். அது யாரென்று அவனுக்கே கடைசியில்தான் தெரிகிறது. அடித்தொண்டையில் கரகரவென்று பேசச் சொன்னார்கள், அண்ணி பேசினார். பேசி முடித்து, கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாராம். வெளியே வந்ததும் ஒரு தாளை நீட்டினார்கள். படம் ஓடி முடியும்வரை இதைப் புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் இனி அந்தக் கம்பெனிப் படம் எதிலும் குரல் கிடையாது. கையெழுத்துப் போட்டார்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், அண்ணியின் போக்கு சரியில்லை என்பதுதான்.

"அத்தை, இந்தத் தடவை முழுசாப் பாத்துட்டு வரலாமா?"

"எதுக்கு? அவன் எவளோட படகுல போறான்னு பாக்கவா?"

"ஏசி நல்லா இருக்கும் அத்தை."

"வீட்டுல ஜன்னல் இருக்கு."

அண்ணி வேறு வழி பார்த்தார். எப்போதும் ஓரத்தில் டிக்கெட் எடுப்பவர், வரிசைக்கு நட்டநடுவில் எடுத்தார். எழுந்து போக வேண்டுமென்றால் பத்துப் பதினைந்து முழங்கால்களைத் தாண்டியாக வேண்டும். அதுவும் போதாதென்று, படம் பாதியில் இருக்கும்போது, அம்மா கழற்றிப்போட்டிருந்த செருப்பில் ஒன்றை அண்ணி காலால் நைசாக முன்வரிசைக்குத் தள்ளுவதை நான் பார்த்தேன். அங்கிருந்து யாரோ இடறி அது இன்னும் முன்னால் போயிற்று. மனுஷிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பாலத்திலிருந்து அந்தப் பெண் விழுந்தாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். விளக்கு வந்தது.

"எந்திரிங்க" என்றாள் அம்மா.

அண்ணி அசையவில்லை. "நான் வரலை அத்தை."

"ஏன்?"

அண்ணி வாயைத் திறந்தார், மூடினார். "கால் மரத்துப்போச்சு."

"நல்லா இரு. உன்னைக் காப்பாத்தத் துப்பில்லாதவன் மூஞ்சியை உக்காந்து பாக்கணும்னா பாத்துக்க."

ஒற்றைச் செருப்போடு அம்மா எல்லா முழங்கால்களையும் இடித்துக்கொண்டு வெளியேறினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணியின் கண் நிறைந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் அம்மா நின்றிருப்பாள். அண்ணி சொல்லவில்லை.

தியேட்டர் முன்கூடத்தில், கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்து அம்மா மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். செருப்பு இல்லாமல் பஸ் ஏற மாட்டாள். இடைவேளை முடிந்து படமும் தொடங்கிவிட்டது. போன் வெளிச்சத்தில் செருப்பைத் தேட அண்ணன் உள்ளே போனான். போன அவசரத்தில் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக ஒரு கரகரத்த குரல் வந்தது. "திரும்பிப் பாக்காத. வலது பக்கம் போ."

அம்மா திட்டுவதை நிறுத்தினாள். "யாரு இது?"

"யாரோ புதுசும்மா."

"புதுசா? சளி பிடிச்சா அவ இப்படித்தான் பேசுவா. வெந்நீர் வெச்சுக் குடுக்கிறவ நானா, நீயா?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா உள்ளே இருந்தாள். நடைபாதையில் நின்று, திரையைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்தினாள். "அவ சாகலை! உசுரோட இருக்கா! டேய் கோட்டுக்காரா, போன்ல பேசுறது அவதான்டா!"

அந்த உளவாளிக்கு அது தெரிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அரங்கத்துக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. "அம்மா தாயே, கதையைச் சொல்லிட்டீங்களே!" என்று யாரோ அலறினார். இருக்கைகளுக்கு அடியிலிருந்து செருப்பும் கையுமாக எழுந்த அண்ணனைத் திருடன் என்று ஒருவர் பிடித்துக்கொண்டார். அம்மா எதையும் கவனிக்கவில்லை. இடித்த முழங்கால்களையே மறுபடி இடித்துக்கொண்டு போய் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏன்டி சொல்லலை?"

"கையெழுத்து போட்டிருக்கேன் அத்தை."

"என்கிட்டகூடவா?"

"உங்ககிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது அத்தை."

கடைசிக் காட்சியில் உளவாளி படகைக் கொண்டுவந்து நிறுத்திக் கை நீட்டினான். "ஏறாத" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. அந்தப் பெண் ஏறினாள். ஏறி, அவனைக் கரையில் இறக்கிவிட்டுத் தானே ஓட்டிக்கொண்டு போனாள். அம்மா கைதட்டிய தட்டலில் முன்வரிசைக்காரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். அம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, மத்த ஒம்போது படத்துலயும் நான் அவசரப்பட்டு உன்னை விட்டுட்டு வந்துட்டேனோ?"

ஒன்பதிலும் சுத்தமாகச் செத்தது அண்ணிக்குத் தெரியாதா? நான் வாயைத் திறந்தேன். அண்ணி என்னைக் கிள்ளினார்.

"தெரியலையே அத்தை. இருந்து பாத்தாத்தான் தெரியும்."

இப்போது ஞாயிறுதோறும் வீட்டில் பழைய படங்களின் இரண்டாம் பாதி ஓடுகிறது. அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவு திறக்கிற ஒவ்வொரு காட்சியிலும் முன்னால் குனிகிறாள். இதுவரை நாலு படம் முடிந்துவிட்டது. ஒருத்தியும் திரும்பி வரவில்லை.

"அடுத்ததுல வந்துருவா" என்கிறாள் அம்மா.